அந்த நாய்கள் அத்தனையும் என்னுடையவை

கல்முனையில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த மகளுக்கு ஓர் ஓட்டு வீடு. இளைய மகளுக்கு அதைவிடப் பெரிய வீடு. முன்னால் விறாந்தை, பின்னால் சீமெந்துக் கட்டுப் போட்ட கிணறு. களிமண் அறுத்துச் செங்கல் சுடுகிற கல்வாடி ஒன்று. சூறாவளி அதை மண்ணோடு மண்ணாக்கிய பிறகு அதே இடத்தில் இன்னொன்று. பள்ளிவாசலின் பின்மதில் முழுவதும் என் கல். இவ்வளவுக்கும் மேலே, இந்தக் கரையில் எவனும் நினைத்துப் பார்க்காத ஒன்றையும் கட்டினேன்: மிருகங்களுக்கு ஒரு மருந்துச்சாலை. படித்தவன் கட்டவில்லை, பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் கட்டவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மாட்டு வண்டி ஓட்டப் போன நான் கட்டினேன். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்லக் காணோம்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தபோது தென்னைகள் விழுந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. மாடுகள் விழுந்தது யாருக்கு ஞாபகம்? வயல் வரப்பெல்லாம் வயிறு ஊதிக் கிடந்தன. என் வண்டி மாடுகளில் ஒன்று மட்டும் தப்பி நின்றது. பறந்து வந்த கூரைத் தகரம் அதன் தொடையைப் பிளந்திருந்தது. அதை நிற்க வைத்துத் தைத்தவர் அரசாங்க மிருக வைத்தியராக இருந்த ஒரு தமிழ் டொக்டர். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர். அந்த வருடத்தோடு அவருக்கு ஓய்வு. தையல் போட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன் என்றார்.

“ஐயா போனா இந்த வாயில்லாச் சீவனுகளுக்கு ஆரு?” என்றேன்.

“புது டொக்டர் வருவார் காக்கா.” எங்கள் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

“வருவாரு. வந்து, மாற்றம் எடுத்துப் போவாரு. நீங்க இருங்க.”

“எங்க இருக்கிற? மரத்துக்குக் கீழயா?”

“மரம் எல்லாம்தான் விழுந்து போச்சே. நான் கட்டித் தாறன்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த மழைக்கு முன்னால், பெரிய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்புகிற ஒழுங்கையில் இரண்டு அறையும் ஒரு கொட்டிலும் எழும்பின. கல்லும் நான் சுட்டது, கூலியாட்களோடு நின்று சாந்து குழைத்ததும் நான். கொட்டிலில் மாட்டை நிறுத்திக் கட்ட மரச் சட்டம் ஒன்று போட்டேன். டொக்டர் சொன்ன அளவு ஒன்று. நான் போட்ட அளவு ஒன்று. முதல் வந்த எருமை சட்டத்தோடு ஒழுங்கைக்குப் போய்விட்டது. பிறகு டொக்டரின் அளவிலேயே போட்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. படிப்பு அவருடையது, மரம் என்னுடையது.

டொக்டர் காலை பஸ்ஸில் வருவார், பின்னேர பஸ்ஸில் போவார். நான் கல்வாடியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு மருந்துச்சாலையிலேயே நின்றேன். சொறிக்கல்முனையிலிருந்து கன்றுக்குட்டி வரும். சம்மாந்துறையிலிருந்து கால் வீங்கிய வண்டி மாடு வரும். ஆனால் அதிகம் வந்தவை பூனைகள்தான். எங்கள் ஆட்களுக்குப் பூனை என்றால் உயிர். உமல் என்கிற ஓலைப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டி, தலை மட்டும் வெளியே தெரியக் கொண்டு வருவார்கள். ஒரு நாள் ஒரு பெண், தன் புருஷனின் புதுச் சாரனில் பூனையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். தொண்டையில் மீன் முள்.

“என்ன மீன் கா குடுத்த?” என்று டொக்டர் கேட்டார். எங்களோடு பழகிப் பழகி அவருக்கும் அந்தக் ‘கா’ வந்துவிட்டது.

“நான் குடுக்கல்ல ஐயா. அவருக்கு வச்ச பாரை மீன் துண்ட இது திண்டிட்டு.”

“அப்ப அவரு என்ன திண்ட?”

“அவரு என்னத் திண்டாரு. வீட்டுக்குப் போனா இன்னும் திம்பாரு. நீங்க முள்ள எடுங்க.”

முள் வந்தது. பூனை டொக்டரின் கையைப் பிறாண்டிவிட்டு அலுமாரிக்கு மேல் ஏறி உட்கார்ந்தது. அவள் சாரனை உதறிப் பார்த்தாள், கிழிந்திருந்தது. “இத நான் எப்பிடிச் சொல்லுற?” என்று கேட்டுக்கொண்டே, பூனையை மட்டும் முத்தமிட்டு எடுத்துப் போனாள்.

அப்படி நடந்த இடம் அது. ஆடு, கோழி, கிளி எல்லாம் வரும். எல்லாருக்கும் என்னைத் தெரியும். “காக்கா, கொஞ்சம் புடிங்க” என்றால் நான் பிடிப்பேன். என் பிடியில் அசைந்த மிருகம் இல்லை.

பிறகு நாய்கள் வரத் தொடங்கின.

எங்கள் ஊரில் நாய் உண்டு. வயல் காவலுக்கு உண்டு, கல்வாடிக் காவலுக்கு உண்டு, வீட்டு வேலியோரம் கிடப்பதற்கும் உண்டு. காவலுக்கு வைத்திருக்க மார்க்கத்திலும் இடம் இருக்கிறது. ஆனால் “இது என் நாய்” என்று சொல்ல ஆள் இல்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். அது எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் ஒருவனும் தொடமாட்டான், தொடாததால் சொந்தமும் கொண்டாடமாட்டான். முதல் நாயைக் கொண்டு வந்தவர் ஒரு போடியார், நிறைய வயல் உள்ளவர். அவர் நீளக் கயிற்றின் ஒரு முனையில் நின்றார், நாய் மறு முனையில் ஒழுங்கையில் நின்றது.

“உங்கட நாய்க்கு என்ன?” என்று டொக்டர் கேட்டார்.

“எங்கட நாயில்ல டொக்டர். எங்கட வளவுக்க கிடக்கிற நாய்.”

“சரி. அது என்ன சாப்பிடுற?”

“நாங்க சாப்பாடு வைக்கிறல்ல.”

“அப்ப எப்பிடி இந்த உடம்பு?”

“மிஞ்சினத்தக் கொட்டுற. அது தின்னும் போல.”

“காதுக்குள்ள புண். பிடிக்க வேணும். வாங்க, தலையப் பிடிங்க.”

போடியார் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பிடித்தேன். நாய் நடுங்கியது. என் முழங்கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. மருந்து ஊற்றி முடியும் வரைக்கும் அந்தச் சூடான மூச்சு என் கையில் பட்டது. பெண்டாட்டி மௌத்தாகி அப்போது ஒரு வருடம் இருக்கும். ஓர் உயிர் என்மேல் அப்படிச் சாய்ந்து எவ்வளவு காலம் என்று எண்ணிப் பார்த்தேன்.

அதன் பிறகு நான்தான் பிடித்தேன். கிணற்றடியில் தனியாக ஒரு கழுவும் இடம் கட்டினேன். அதற்கு முதலில் கடற்கரை மணல் அள்ளி வந்தேன். அது நாய் படுக்கிற மணல், அதில் எப்படிச் சுத்தம் வரும் என்று கேட்டார்கள். என் கல்வாடியின் அடியிலிருந்து, யாரும் மிதிக்காத மண் வெட்டி ஒரு தொட்டி நிறைய வைத்தேன். நல்ல களி. கழுவினால் கை முன்பைவிட அழுக்காகும். ஆனாலும் முறைப்படி கழுவினேன், ஆட்கள் பார்க்க, சத்தமாக எண்ணிக் கழுவினேன். இலங்கை முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வசதி உள்ள மருந்துச்சாலை கிடைக்காது என்று டொக்டரிடம் சொன்னேன்.

“கிடைக்காது காக்கா. சத்தியமாக் கிடைக்காது” என்றார் அவர்.

சத்தமாக எண்ணியதுதான் எனக்கு வினையாக வந்தது. ஊர் எனக்கு ‘ஏழுதண்ணி’ என்று பெயர் வைத்தது. தேத்தண்ணிக் கடைக்குப் போனால், “ஏழுதண்ணிக் காக்காக்கு ஒரு தண்ணி” என்று உள்ளே சத்தம் போடுவார்கள். முதலில் நானும் சிரித்தேன். பிறகு பார்த்தேன், எனக்கு வருகிற கிளாஸின் விளிம்பில் சிவப்பு மை அடித்திருந்தது. ஸலாம் சொன்னால் பதில் வரும், கை வராது. கை நீட்டினால் அவர்களுக்கு உடனே தலைத் தொப்பியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பள்ளிவாசல் ஆலிமிடம் போய்க் கேட்டேன். வயதான மனிதர், நேராகக் கதைப்பார்.

“ஹஸ்ரத், நான் ஒழுங்காக் கழுவுறன். இன்னும் என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல. ஏழு தரம் கழுவினா நீங்க சுத்தம்.”

“அப்ப ஊரு ஏன் இப்பிடிப் பாக்கிது?”

“மார்க்கம் ஏழோட விட்டிடும். ஊரு எட்டாந் தரமும் கேக்கும். அதுக்கு என்னட்டத் தண்ணியில்ல மனே.”

ஊர் கேட்ட அந்த எட்டாவது கழுவல் எங்கே இருக்கிறது என்பதைச் சஹனில் கண்டேன். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: எங்கள் விருந்தில் தனித் தனிப் பீங்கான் கிடையாது. பெரிய தட்டத்தில் சோறும் இறைச்சியும் குவித்து, பாயில் வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவோம். அதுதான் சஹன். ஒரு கல்யாண வீட்டில் நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே இருந்தவரை அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் வேறு சஹனுக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்தவருக்குக் கால் மரத்துப்போனது. கடைசியில் அவர்கள் என்னோடு நான்கு சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அதன் பிறகு கல்யாண வீடுகளுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு, வயிறு சரியில்லை என்று திரும்பிவிடுவேன்.

வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. கட்டுகிறவன் தகப்பன், வந்து குடியிருக்கிறவன் மருமகன். பெண்டாட்டி இருக்கும் வரை இளைய மகளின் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. அவள் போன பிறகும் அறை இருந்தது. ஆனால் மருமகன் புடைவைக் கடைக்காரர், வெள்ளைச் சட்டையில் சுருக்கு விழாத மனிதர். மரியாதை குறைத்து ஒரு சொல் கதைக்கமாட்டார். நான் விறாந்தையில் உட்கார்ந்து எழும்பினால் அந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார், அவ்வளவுதான். என் பீங்கானும் என் கோப்பையும் கிணற்றடித் தட்டுக்குப் போயின. ஒரு நாள் என் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு மருந்துச்சாலையின் பின்னறைக்கு வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் போகாதே என்றும் சொல்லவில்லை.

பின்னேர பஸ்ஸில் டொக்டர் போன பிறகு ஒழுங்கை அடங்கிவிடும். மஃரிப் தொழுதுவிட்டு வந்து, விட்டுப்போன பூனைகளுக்குச் சோறு பிசைந்து வைப்பேன். றேடியோவில் செய்தி போகும். செய்தி வாசிக்கிறவர் “வணக்கம்” என்றால் நான் “ஓம்” என்பேன். எத்தனையோ நாள் அன்றைய கடைசிக் கதை எனக்கு அதுவாகத்தான் இருந்தது. இரண்டு வீடு கட்டியவன் அப்படி இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் இளைய மகள் மருந்துச்சாலைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில், குடையை விரித்தபடியே நின்றாள்.

“வாப்பா, மகனுக்குச் சுன்னத்துக் கலியாணம் வச்சிரிக்கம். பெருநாள் கழிஞ்சி.”

“அல்ஹம்துலில்லாஹ். எத்தின சஹன்?”

“அறுவது போடுறம். நீங்க வரணும். வாசல்ல நிண்டுட்டு ஓடுற இல்ல. இருந்து சாப்பிடணும்.”

“என்னோட ஆரு மக இருக்கிற?”

அவள் குடைக் கம்பியைத் திருகினாள். “அவரு இருப்பாரு. அவர்ட வாப்பாவும் இருப்பாரு. கதைச்சிட்டன். ஆனா இண்டைலிருந்து நாயில கை வைக்காதீங்க வாப்பா. பெருநாள் வரைக்கும் ஊரு பாக்கட்டும். பாத்தா மறந்திடும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். மறுகா உங்கட அறையும் கிடக்குதுதானே” என்றாள், குரலைத் தாழ்த்தி.

நான் ஓம் என்றேன். யோசிக்கவே இல்லை. என் பேரனின் விருந்தில், நான் கட்டிய வீட்டில், என் சம்பந்தியோடு ஒரு தட்டத்தில் கை வைப்பது, அதற்குப் பிறகு என் அறையில் படுப்பது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? டொக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நல்லது காக்கா. வீட்டுக்குப் போங்க. நாய்கள நான் பார்க்கிறன்” என்றார். அவரும் தனியாகச் சாப்பிட்டுப் பழகிய மனிதர்தான். அதனால் விளக்கம் கேட்கவில்லை.

நான் சொல்லைக் காத்தேன். நாய் வந்தால் பின்னறைக்குப் போய்விடுவேன். டொக்டர் தனியே கயிற்றால் வாயைக் கட்டி, தனியே மல்லுக்கட்டுவார். யன்னலால் பார்த்தால் கை துடிக்கும். ஆனாலும் போகவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒருவர் என் தோளைத் தொட்டு, “என்ன காக்கா, ஏழுதண்ணி ஒரு தண்ணியாப் போச்சாமே” என்றார். தொட்டார்! அந்தத் தோளை நான் பின்னறைக்கு வரும் வரைக்கும் ஆட்டாமல் கொண்டு வந்தேன்.

பெருநாள் முடிந்து, விருந்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது விசர் நாய் ஒன்று சந்தைக்குள் வந்தது. இரண்டு பேரைக் கடித்தது, ஒரு மாட்டையும் கடித்தது. அடித்துக் கொன்றார்கள். அடுத்த நாள் ஒலிபெருக்கி கட்டிய கார் ஊர் சுற்றியது: சொந்தக்காரர் பெயர் சொல்லி, ஊசி போட்டு, கழுத்தில் தகடு கட்டாத நாய் எதுவாக இருந்தாலும் ஊர்ச் சபை வண்டி வந்து பிடித்துக் கொல்லும். டொக்டர் ஊசி மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் காத்திருந்தார். தமிழ்ப் பகுதியிலிருந்து ஆட்கள் நாய்களைக் கொண்டு வந்து, பெயர் சொல்லி, தகடு கட்டிப் போனார்கள். எங்கள் பகுதியிலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்தால் பெயர் சொல்ல வேண்டுமே. இந்த நாய் என்னுடையது என்று, நாலு பேர் கேட்க, வாயால் சொல்ல வேண்டுமே.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு நான் பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது, மருந்துச்சாலை வேலி முழுவதும் நாய்கள் கட்டிக் கிடந்தன. கறுப்பு, செம்மை, வெள்ளை, கிழடு, குட்டி. நீளக் கயிறுகள். கட்டிய ஆட்கள் யாரும் இல்லை. போடியார் வளவு நாய் அங்கே நின்றது, காதில் பழைய தழும்போடு. கடைசிக் கம்பத்தில் ஒரு மஞ்சள் நாய். அது என்னைக் கண்டு துள்ளியது. எனக்கு அதைத் தெரியும். இளைய மகளின் வீட்டுக் குசினிக்குப் பின்னால் கிடக்கிற நாய் அது. நான் அங்கே இருந்த காலத்தில் என் கையால் சோறு தின்றது.

சபை வண்டி வரும்போது டொக்டரின் பஸ்ஸும் வந்தது. ஒழுங்கையில் கூட்டமும் வந்தது. யாரும் எதற்கு வந்தோம் என்று சொல்லவில்லை. கடையில் பாண் வாங்க வந்தவன் போல் ஒருவன், மீனுக்கு வந்தவன் போல் ஒருவன். மருமகனும் கடைப் பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

வண்டியிலிருந்து இறங்கியவன் கையில் கம்பி வளையம் மாட்டிய தடி. நல்ல மனிதன்தான், வேலையைச் செய்ய வந்தவன்.

“இதெல்லாம் ஆர்ட நாய்?” என்று கூட்டத்தைக் கேட்டான்.

பாணுக்கு வந்தவன் கடைப் பக்கம் திரும்பி நின்றான்.

“பேர் சொன்னா, டொக்டர் ஊசி போட்டா, தகட்டக் கட்டிப்போட்டு நான் போயிருவன். எனக்கென்ன ஆசையா? ஆர்ட எண்டு சொல்லுங்க.”

ஒருவர் இருமினார். போடியார் வானத்தைப் பார்த்தார். அவருக்கு வானத்தில் எப்போதும் ஏதோ இருக்கும். தடிக்காரன் முதலாவது நாயின் கழுத்தில் வளையத்தைப் போட்டான். நாய் கத்தவில்லை. நிலத்தோடு படுத்து மூத்திரம் விட்டது.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த விருந்து தெரிந்தது, பாய் தெரிந்தது, என் சம்பந்தியின் கை தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவும் தெரிந்தது. தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

“அது எண்ட நாய்.”

“எது?”

“நீ புடிச்சிரிக்கிறது. எண்ட பேர எழுது.”

“இது?”

“அதுவும் எண்ட.”

“அந்தக் கறுப்பு?”

“எண்ட.”

“ஒரு மனிசனுக்கு இத்தின நாயா காக்கா?”

“நான் கல்வாடிக்காரன். கல்லக் களவெடுக்கிற ஊரு இது. காவல் வேணும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு அடக்கிக்கொண்டார்கள். அவன் வேலி நீளத்துக்கும் கேட்டுக்கொண்டே வந்தான், நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிக் கம்பத்தில் மஞ்சள் நாய். அது என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. எல்லாரும் அது பார்த்த திசையில் பார்த்தார்கள். மருமகன் திறப்புக் கோர்வையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுவும் உங்கடயா?”

“அதுவும் எண்டதான்” என்றேன். “எண்ட வீட்டு நாய்.”

டொக்டர் ஊசியை ஏற்றிக்கொண்டு என் அருகில் வந்தார். “காக்கா, நாயில கை வைக்கிறல்ல எண்டு மகளுக்குச் சொன்னீங்க.”

“ஊரான்ட நாயில கை வைக்கமாட்டன் எண்டுதான் சொன்ன ஐயா. இது எண்ட நாய்.”

அன்று நான் பிடித்தேன், அவர் குத்தினார். வெயில் ஏறும் வரைக்கும் பிடித்தேன். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து போனது. தகடு கட்டிய நாய்களை அவிழ்த்துவிட்டோம். ஒவ்வொன்றும் நேராக அது அது கிடக்கிற வளவுக்கே ஓடிப் போனது. எந்த நாய்க்கும் வழி தவறவில்லை. நான் கிணற்றடியில் நின்று கழுவினேன். இந்த முறை வாய்க்குள்ளேயே எண்ணினேன்.

விருந்தன்று குளித்து, புதுச் சாரன் உடுத்து, அத்தர் பூசிப் போனேன். மருமகன் வாசலில் ஸலாம் சொன்னார். “மாமா வாங்க” என்று பாயைக் காட்டினார். மூலைப் பாய். சஹன் வைத்தார்கள், மூடியைத் திறந்தார்கள், ஆவி பறந்தது. நான் உட்கார்ந்தேன். சம்பந்திக்கு அன்று காலையில் காய்ச்சல் வந்துவிட்டதாம். மருமகன் விருந்து கொடுக்கிறவர், அவர் எப்படி உட்காருவார், வருகிறவரைக் கவனிக்க வேண்டுமே. போடியார் வந்தார், என்னைத் தாண்டிப் போனார். வேலியில் நான் யார் யாருடைய நாய்களை என்னுடையது என்றேனோ, அவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளைக்கூட யாரும் அனுப்பவில்லை. பிஸ்மி சொன்னார்கள். வீடு முழுவதும் கைகள் சோற்றுக்குள் போயின.

நானும் கை வைத்தேன். எழும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. அது என் கல், என் சுவர், என் பேரன். ஆறு பேர் சோற்றில் என் பங்கை மட்டும், என் முன்னால் இருந்ததை மட்டும், கோடு கிழித்தது போல் சாப்பிட்டேன். இறைச்சி நன்றாக வெந்திருந்தது. மற்ற ஐந்து பேரின் சோறு குவிந்தபடியே ஆறியது. பேரன் உள்ளறையில் படுத்திருந்தான். அவன் தலையில் கை வைக்க நினைத்தேன். பெண்கள் பக்கம் போகும் வழியில் ஆட்கள் நின்றார்கள். அவர்களை விலகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்வாசலால் வெளியே வந்தபோது மகள் நின்றாள். கண் சிவந்திருந்தது, அடுப்புப் புகையாகவும் இருக்கலாம். ஒரு பெரிய பேசனில் எலும்பும் மிச்சச் சோறும் நிறைத்து வைத்திருந்தாள்.

“வாப்பா, இதக் கொண்டு போங்க.”

“எனக்கு எதுக்கு மக இவ்வளவு?”

“உங்கட நாய்களுக்கு” என்றாள்.

உங்கட நாய்களாம். மஞ்சள் நாய் அவளுடைய காலடியில், புதுத் தகட்டோடு படுத்திருந்தது. நான் பேசனைத் தலையில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்தேன். அவள் என்னோடு கடைசியாக நின்று கதைத்தது அதுதான் என்று சொல்லமாட்டேன். வந்து போனாள், பெருநாளுக்குப் பலகாரம் அனுப்பினாள். அறையைப் பற்றி மட்டும் பிறகு கதைக்கவில்லை. கொஞ்ச நாளில் அதில் மருமகன் புடைவை மூட்டை அடுக்கினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்துக்கும் அடுத்த நாள் மருந்துச்சாலை வேலியில் மிச்சச் சோற்றுப் பை தொங்கியது. யார் வைத்தது என்று தெரியாது. வருடா வருடம் ஊசிக் காலத்தில் நாய்களும் அதே வேலியில் கட்டிக் கிடந்தன. நான் ஓம் என்று சொல்வேன், பிடிப்பேன். எண்பத்தைந்தில் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கமும் கெட்டு, பாதை அடைத்தபோது டொக்டரின் பஸ் நின்றுவிட்டது. பிறகு பஸ் ஓடியது, அவர் வரவில்லை. தெரிந்த லொறிக்காரர் ஒருவரிடம், “காக்காவச் சுகம் கேட்டதாச் சொல்லு” என்று சொல்லிவிட்டிருந்தார். அவருடைய கதிரையில் வேறு யாரையும் நான் உட்கார விடவில்லை. உட்காரக் கேட்டவரும் இல்லை.

இப்போது ஊர் வாலிபர்கள் நினைவு மலர் ஒன்று அச்சுப் போடுகிறார்கள். அதில் மருந்துச்சாலைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அச்சுக்கு முந்தின தாளை ஒருவர் கொண்டு வந்து காட்டினார். டொக்டரின் படம் இருக்கிறது. அது சரி, இருக்க வேண்டும். இடம் கொடுத்து உதவியவர்கள் என்று போடியாரின் பெயர் இருக்கிறது, என் மருமகனின் பெயர் இருக்கிறது. எந்த இடம்? எந்த உதவி? கடைசி வரியில் ‘ஓர் உதவியாளரும் இருந்தார்’ என்று போட்டிருக்கிறது. அந்த உதவியாளன் நானாம்.

அந்த வரியை வெட்டுங்கள். கல் நான் சுட்டது, காணி நான் வாங்கியது. தகப்பன் பெயரோடு என் முழுப் பெயரையும் டொக்டரின் பெயருக்குக் கீழே, அதே பருமன் எழுத்தில் போடுங்கள். அதற்கும் கீழே, விசர் நாய் வந்த வருடம் இந்த ஊரின் நாய்களுக்கெல்லாம் சொந்தக்காரன் இவன்தான் என்று போடுங்கள். எந்த நாய் யார் வளவில் கிடந்தது என்று எனக்குத் தெரியும். இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் அதே பக்கத்தில் தாங்களாகவே, அது எங்கள் நாய், அவர் எங்களுக்காக நின்றார் என்று தங்கள் பெயரைப் போட்டுச் சொல்லட்டும். மருமகன் முதலில் சொல்லட்டும். அப்படி எழுதிய பிறகு, மலர் அச்சுக்குப் போகும் முன்னால், அந்தப் பக்கத்தைத் தேத்தண்ணிக் கடையில் வைத்து, ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.